ஃபர்வானியாவில் வாசி

(இணையவழி இலக்கியச் சந்திப்பில் நேரலையாக ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

குவைத்தில் இப்போது இரவு ஒன்பது மணி. சிங்கப்பூரில் நடுநிசி தாண்டியிருக்கும், டொரண்டோவில் மதியம். இத்தனை நேரங்களையும் ஒரே திரையில் சேர்த்த ஒருங்கிணைப்பாளர்களுக்கு நன்றி.

பயணக் கட்டுரை பேசுங்கள் என்றுதான் முதலில் கேட்டார்கள். வெளிநாடு போகிறவர்கள் பணத்தை எங்கே, எப்படி மலிவாக மாற்றலாம் என்று ஒரு நண்பர் கேட்டிருந்த கேள்வியையும் அனுப்பிவைத்தார்கள். ஃபர்வானியாவில் பதினைந்து வருடமாக இருக்கிறேன். கடலை நினைத்துக்கொண்ட நாட்களைவிட ரேட்டை நினைத்துக்கொண்ட நாட்கள்தான் இங்கே எனக்கு அதிகம். ஆகவே அதையே பேசுகிறேன். ஆனால் அதன் வரலாற்றோடு சேர்த்து.

சம்பளம் வந்த வாரத்தின் வெள்ளிக்கிழமை மாலை ஃபர்வானியாவின் எந்த எக்ஸ்சேஞ்சுக்குப் போனாலும் ஒரே காட்சிதான். கையில் சிவில் ஐடியோடு வரிசை. தமிழர், மலையாளி, தெலுங்கர், வங்காளி, நேபாளி, பிலிப்பினோ, எகிப்தியர். மேலே மின்பலகையில் நாடுகளின் கொடியும் எண்ணும். தாய்மொழி வேறு வேறாக இருந்தாலும் எல்லோரும் முதலில் கேட்பது ஒன்றுதான்: "இன்னைக்கு என்ன ரேட்?"

இந்த 'ரேட்' என்ற ஆங்கிலச் சொல்லை நாம் தமிழாகவே பழகிவிட்டோம். ஆனால் ரேட்டுக்குள் ஒளிந்திருக்கும் ஒரு சங்கதிக்கு நம்மிடம் ஆயிரம் வருடத்துக்கும் மேற்பட்ட பழைய சொல் உண்டு. வாசி.

பெரியபுராணம் படித்தவர்களுக்குத் திருவீழிமிழலை நினைவுக்கு வரும். ஊரில் பஞ்சம். அப்பரும் சம்பந்தரும் அடியாரோடு அங்கே தங்கியிருக்கிறார்கள். அடியாருக்கு அமுது படைக்க, கோவில் பீடத்தில் இருவருக்கும் நாளுக்கு ஒரு காசு வைக்கிறார் இறைவன். அப்பர் மடத்தில் வேளையோடு பந்தி நடக்கிறது. சம்பந்தர் மடத்தில் தாமதம். ஏன் என்று விசாரித்தால், அப்பர் காசைக் கடைக்காரர் அப்படியே வாங்கிக்கொள்கிறார், சம்பந்தர் காசுக்கு வாசி கேட்கிறார். வாசி என்றால் நாணயத்தை மாற்றும்போது குறைத்துக்கொள்ளும் தொகை. பிற்காலத்தில் 'வட்டம்' என்றும் சொன்னார்கள். காசு குறையுள்ளது, அதை மாற்றிக்கொண்டு வருவதற்குள் நேரமாகிவிடுகிறது. சம்பந்தர் குறையில்லாத காசு கேட்டுப் பதிகம் பாடுகிறார். மறுநாளிலிருந்து நல்ல காசு கிடைக்கிறது.

பக்தர்கள் இதற்கு ஒரு விளக்கம் சொல்வார்கள். அப்பர் உழவாரத்தைப் பிடித்து உடலால் பணி செய்தவர், அதனால் அவர் காசுக்கு வாசி இல்லை என்று. எனக்குப் பிடித்த விளக்கம் அது. ஃபர்வானியா வரிசையில் நிற்கும்போது பலமுறை நினைத்துக்கொண்டிருக்கிறேன். இங்கே நிலைமை நேர்மாறு. உடலால் உழைத்தவனின் காசுக்குத்தான் வாசி.

வாசி இன்று எப்படி வேலை செய்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பயணம் போகிறவர்களுக்கும் அது பயன்படும்.

ஒவ்வொரு நாணயத்துக்கும் வங்கிகள் தமக்குள் கொடுத்து வாங்கும் ஒரு நடுவிலை உண்டு. கைபேசியில் தேடினால் வருவது அந்த விலைதான். அந்த விலையில் உங்களுக்கும் எனக்கும் யாரும் மாற்றித் தருவதில்லை. கடைக்காரர் அதிலிருந்து கொஞ்சம் தள்ளித்தான் விலை வைப்பார். அந்தத் தள்ளல் ஒரு வாசி. அதற்குமேல் கமிஷன் என்று தனியாக வாங்குவது இன்னொரு வாசி. முதல் வாசி கண்ணுக்குத் தெரியாது, இரண்டாவது ரசீதில் தெரியும். நம்மவர்கள் தெரிவதைப் பார்த்துச் சண்டை போட்டுவிட்டுத் தெரியாததை விட்டுவிடுகிறார்கள்.

ஒரு கணக்குக்காகச் சொல்கிறேன். முதல் கடையில் தினாருக்கு 272 ரூபாய், கமிஷன் இல்லை. இரண்டாவது கடையில் 275 ரூபாய், ஒன்றரை தினார் கமிஷன். எது மலிவு? நூறு தினார் வைத்திருப்பவர் முதல் கடையில் 27,200 ரூபாய் பெறுவார். இரண்டாவது கடையில் தொண்ணூற்றெட்டரை தினாருக்கு 27,087 ரூபாய்தான். முந்நூறு தினார் வைத்திருப்பவருக்குக் கணக்கு தலைகீழாகிவிடும். முதல் கடையில் 81,600, இரண்டாவதில் 82,087. ஆக, 'எந்தக் கடை நல்ல கடை' என்ற கேள்விக்குப் பதிலே கிடையாது. 'நான் இவ்வளவு கொடுத்தால் அங்கே கைக்கு எவ்வளவு வரும்' என்று மட்டும்தான் கேட்க வேண்டும். இந்தக் கணக்கில் ஒன்றைக் கவனியுங்கள். குறைவாக அனுப்புகிறவருக்குக் கமிஷன் கனக்கிறது, அதிகமாக அனுப்புகிறவருக்கு அது தெரிவதே இல்லை.

விமான நிலையக் கவுண்டர் ஏன் மோசமான விலை வைக்கிறது? அங்கே வந்து நிற்பவர் காத்திருக்க முடியாதவர். வெளியே டாக்ஸி நிற்கிறது, குழந்தை அழுகிறது. வெளிநாட்டுக் கடையில் கார்டை நீட்டினால், "உங்கள் நாட்டுப் பணத்திலேயே கணக்கிடட்டுமா" என்று இயந்திரம் அன்பாகக் கேட்கும். வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்த ஊர்ப் பணத்திலேயே கட்டுங்கள். அந்த அன்புக்கும் வாசி உண்டு. ஊருக்குப் போகும்போது வழிச்செலவுக்கு இங்கேயே ரூபாய் நோட்டு வாங்குவதும் பெரும்பாலும் நஷ்டம்தான். இந்திய ரூபாயை ஓர் அளவுக்குமேல் நாட்டுக்கு வெளியே கொண்டுவரக் கூடாது என்பதால் வெளியே நோட்டு குறைவு, குறைவானதற்கு விலை அதிகம். அனுப்பும் பணத்துக்கு ஒரு ரேட், கையில் வாங்கும் நோட்டுக்கு வேறு ரேட்.

இவ்வளவுதான் மலிவாக மாற்றும் வித்தை. காத்திருக்க முடிந்தவனுக்கு வாசி குறைவு, முடியாதவனுக்கு அதிகம். இனி நான் சொல்லப்போகும் வரலாறு முழுக்க இந்த ஒரே வரியின் உதாரணங்கள்தான்.

மாற்றவே வேண்டியிராத ஒரு காலம் இங்கே இருந்தது. குவைத்தின் கடைத்தெருவில் புழங்கிய பணமே இந்திய ரூபாய்தான். முத்துக்குளிப்புக் காலத்தில் வளைகுடா முத்துக்கு பம்பாய்தான் சந்தை. குவைத் மரக்கலங்கள் பேரீச்சம்பழம் ஏற்றிக்கொண்டு மலபார் வரை வரும், கப்பல் கட்டத் தேக்கை ஏற்றிக்கொண்டு திரும்பும். 1899-ல் குவைத் ஆட்சியாளர் பிரிட்டனோடு ஒப்பந்தம் செய்துகொண்ட பிறகு, இந்தக் கடற்கரையின் நிர்வாகத் தொடர்புகள் பெரும்பாலும் இந்தியா வழியாகவே நடந்தன. அஞ்சல்தலைகூட இந்தியத் தலைதான், மேலே குவைத் என்று அச்சடித்திருப்பார்கள்.

அதற்கும் முன்னால் 1886-ல் ஷேக் அப்துல்லா ஒரு செப்புக் காசு அடித்தார். குவைத்தின் முதல் சொந்த நாணயம். அது நீடிக்கவில்லை. ஆனால் அதன் பெயரைப் பாருங்கள்: 'பைஸா'. நம் பைசாதான். இன்றைக்கும் வளைகுடா அரபுப் பேச்சில் பணத்துக்கு 'பேஸாத்' என்பார்கள். ஓமானில் ரியாலின் சில்லறைக்குப் பெயர் பைசா. பஹ்ரைனில் நூறு ஃபில்ஸை 'ரூபியா' என்று சொல்லும் பழக்கம் உண்டு. அங்கே 1965-ல் தினார் வந்தபோது ஒரு தினாருக்குப் பத்து ரூபாய் என்று மாற்றினார்கள். ரூபாய் போய்விட்டது, பத்தில் ஒன்று என்ற கணக்கு பேச்சில் தங்கிவிட்டது.

ரூபாய் இங்கிருந்து ஏன் போனது? தங்கத்தால்.

சுதந்திரத்துக்குப் பிறகு இந்தியா தங்க இறக்குமதியை அடைத்தது. உலகச் சந்தையில் அவுன்ஸ் 35 டாலர், பம்பாயில் அதைவிட மிக அதிகம். இடையில் கடல். வளைகுடாவிலோ இந்திய ரூபாயே செல்லுபடியாகும் பணம். ஆகவே கடத்தல்காரருக்கு அந்நியச் செலாவணியே தேவைப்படவில்லை. ரூபாய் நோட்டுக் கட்டைப் படகில் ஏற்றி இங்கே கொண்டுவந்தால் தங்கம் கிடைக்கும். அந்த நோட்டுகள் வளைகுடா வங்கிகள் வழியாக ரிசர்வ் வங்கிக்கே திரும்பிவரும். ரிசர்வ் வங்கி அவற்றுக்கு ஈடாக ஸ்டெர்லிங் கொடுக்க வேண்டும். கடத்தல் தங்கத்துக்கான விலையை அரசாங்கமே பவுனில் கட்டிக்கொண்டிருந்தது என்று சொல்லலாம்.

இதை நிறுத்தத்தான் 1959 மே மாதத்தில் ரிசர்வ் வங்கி 'வளைகுடா ரூபாய்' என்று தனி நோட்டு வெளியிட்டது. அதே அசோகத் தூண், வேறு நிறம், வரிசை எண்ணுக்கு முன்னால் இஸட் எழுத்து. இந்தியாவுக்குள் அது செல்லாது, இந்திய நோட்டு இங்கே செல்லாது. மதிப்பு மட்டும் ஒன்றே. ஹஜ் பயணிகளுக்கும் அப்படித் தனி நோட்டு அடித்தார்கள். இன்று அந்த நோட்டுகள் சேகரிப்பாளர் ஏலத்தில் பல மடங்கு விலை போகின்றன.

வேறொரு நாட்டின் பணத்தை நம்பியிருப்பது சரியில்லை என்று இங்குள்ளவர்களுக்கு அப்போதே தோன்றியிருக்க வேண்டும். 1961 ஏப்ரல் 1-ஆம் தேதி குவைத் தினார் புழக்கத்துக்கு வந்தது. குவைத் முழுச் சுதந்திரம் பெற்றது ஜூன் 19-ல். அதாவது நாட்டுக்கு முன்னால் பணம் சுதந்திரமடைந்துவிட்டது. ஒரு தினார் ஒரு ஸ்டெர்லிங் பவுனுக்குச் சமம். ரூபாய்க் கணக்கில் பதின்மூன்றும் மூன்றில் ஒன்றும். ஒரு ரூபாய்க்கு எழுபத்தைந்து ஃபில்ஸ். 2024-ல் ஒரு தினார் 270 ரூபாயைத் தாண்டி நின்றது. எழுபத்தைந்து ஃபில்ஸுக்கு இருபது ரூபாய்.

தாமதித்தவர்களுக்கு 1966-ல் பாடம் கிடைத்தது. அந்த வருடம் ஜூன் 6-ஆம் தேதி இந்தியா ரூபாயின் மதிப்பைக் குறைத்தது. டாலருக்கு 4.76 என்று இருந்தது 7.50 ஆயிற்று. டெல்லியில் எடுத்த முடிவால் தோஹாவிலும் துபாயிலும் பெட்டியில் இருந்த பணம் ஒரே இரவில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் கரைந்துவிடும் நிலை. கத்தாரும் துபாயும் அவசரமாக ரூபாயைக் கைவிட்டு, சவூதி ரியாலை இடைக்காலத்துக்கு வைத்துக்கொண்டு, அதே செப்டம்பரில் கூட்டு ரியாலை வெளியிட்டன. ஐந்து வருடம் முன்பே விலகியிருந்த குவைத்துக்கு இந்தத் தலைவலி இல்லை.

இந்தக் கதையில் எனக்குத் தெரிகிற விதி ஒன்று உண்டு. அரசாங்கம் சொல்லும் விலைக்கும் தெருவில் இருக்கும் விலைக்கும் இடைவெளி பெரிதாகும்போதெல்லாம் அதற்குள் ஓர் இரண்டாவது பாதை திறந்துகொள்ளும். ஐம்பதுகளில் அது தங்கம். எழுபதுகளிலிருந்து அது ஹவாலா.

சொல்லைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். இந்தியாவில் ஹவாலா என்றால் போலீஸ் செய்தி. இங்கே எக்ஸ்சேஞ்சின் பெயர்ப்பலகையிலேயே அரபு எழுத்தில் 'ஹவாலாத்' என்று போட்டிருப்பார்கள். பணம் அனுப்புதல் என்பதுதான் அதன் நேர்ப்பொருள். நாணயம் மாற்றுபவரை அரபியில் 'ஸர்ராஃப்' என்பார்கள். நம் பழைய தமிழில் இருக்கும் 'சராப்பு' அதுதான். இலங்கைத் தமிழர் ஹவாலாவை 'உண்டியல்' என்பார்கள். நகரத்தார் பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் உண்டியல் எழுதித்தான் பணத்தை ஊர்விட்டு ஊர் அனுப்பினார்கள். அன்று அது மதிப்புள்ள வணிகப் பத்திரம். கோவில் உண்டியல், குழந்தையின் மண் உண்டியல், பிறகு இந்த உண்டியல். மூன்றிலும் பொதுவானது நம்பிக்கை. போட்டவர் பிறகு பார்க்க முடியாது.

வேலை செய்யும் விதம் எளிது. இங்கே ஒருவரிடம் தினாரைக் கொடுக்கிறீர்கள். ஊரில் அவருடைய ஆள் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டி ரூபாயைக் கொடுக்கிறார். பணம் எல்லையைத் தாண்டுவதே இல்லை. இந்தப் பக்கத்துத் தினாரை வெளிநாட்டில் பணம் தேவைப்படும் யாரோ ஒருவர் எடுத்துக்கொள்கிறார், அந்தப் பக்கத்தில் ரூபாயைக் கொடுக்கிறார். அந்த 'யாரோ ஒருவர்' தங்கம் கடத்துகிறவராக இருக்கலாம், வரி ஏய்ப்பவராக இருக்கலாம், அதைவிட மோசமானவராகவும் இருக்கலாம். வீட்டுக்காரம்மாவுக்கு அது தெரியாது.

1973-ல் அந்நியச் செலாவணிச் சட்டத்தை இந்தியா இறுக்கியது. அடுத்த வருடம் கடத்தல்காரரை விசாரணையின்றிக் காவலில் வைக்கும் சட்டமும் வந்தது. ஹவாலா சாகவில்லை. பழைய ஆட்கள் சொல்வார்கள்: வங்கி டிராஃப்டை எடுத்துப் பதிவுத் தபாலில் போட்டால் ஊர் சேர இரண்டு மூன்று வாரம், வங்கியில் காசாக இன்னும் சில நாள். ஹவாலாக்காரர் மறுநாளே கொண்டுபோய்க் கொடுத்தார், விலையும் அதிகம் கொடுத்தார். அதை உண்மையில் பலவீனப்படுத்தியது தண்டனையில்லை. 1991 ஜூலையில் ரூபாய் மதிப்புக் குறைக்கப்பட்டது, 1993-ல் சந்தையே விலையை நிர்ணயிக்கும் முறை வந்தது. இடைவெளி சுருங்கியது. இரண்டாவது பாதையின் கூட்டமும் குறைந்தது. 2000 ஜூனில் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தபோது செலாவணிக் குற்றம் பெரும்பாலும் அபராதம் கட்டும் விஷயமாக மாறிவிட்டது.

இதற்கு நடுவில் 1990.

நான் இங்கே வந்த புதிதில் எங்கள் அறையில் நாகூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் இருந்தார். அவரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். அந்த வருடம் ஆகஸ்ட் 2-ஆம் தேதி விடிகாலை ஈராக் படை உள்ளே வந்தபோது அவர் இங்கே ஒரு பக்காலாவில் வேலையில் இருந்தார். பீரங்கியைவிடத் தன்னைப் பயமுறுத்தியது பணம்தான் என்று சொல்வார். ஈராக் தினாரும் குவைத் தினாரும் சமம் என்று புதிய ஆட்சி அறிவித்தது. அதுவரை சந்தையில் ஒரு குவைத் தினாருக்குப் பல ஈராக் தினார்கள் கிடைத்துக்கொண்டிருந்தன. பிறகு குவைத் தினாரே செல்லாது என்று ஆயிற்று. மத்திய வங்கியிலிருந்த நோட்டையும் தங்கத்தையும் பாக்தாதுக்கு எடுத்துச் சென்றார்கள்.

பாய் பனியனுக்குள் தையல் போட்டுத் தன் சேமிப்பு நோட்டுகளை மறைத்துக்கொண்டு பஸ்ராவுக்கும் பாக்தாதுக்கும், அங்கிருந்து அம்மானுக்கும் போனார். ஏர் இந்தியா விமானங்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களை அந்த ஆகஸ்டிலிருந்து அக்டோபருக்குள் கொண்டுவந்து சேர்த்தன. அவர்களில் ஒருவர். அம்மானில் மாற்றலாமா என்று விசாரித்தார். சொன்ன விலையைக் கேட்டுவிட்டு மாற்றாமலேயே விமானம் ஏறினார். ஊரில் மூன்று மாதம் ஓடியது. மகளுக்கு நிச்சயம் செய்த திருமணம். அந்த நாடே இல்லை என்று ஆகிவிட்ட நிலையில், அதன் பணத்துக்கு என்ன விலை கேட்பது? ஊரில் ஒருவர் கால் விலைக்கு வாங்கிக்கொண்டார்.

பிப்ரவரி 1991-ல் குவைத் மீண்டது. மார்ச் 24-ல் புதிய நோட்டு வந்தது. திருடுபோன வரிசை எண் நோட்டுகள் செல்லாது, மற்ற பழைய நோட்டுகளைக் காலக்கெடுவுக்குள் மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். பாயின் நோட்டுகள் எல்லாம் படையெடுப்புக்கு முன் வாங்கிய சம்பளம். கால் விலைக்கு வாங்கியவர் முழு விலைக்கு மாற்றிக்கொண்டார்.

"அவன் என்னை ஏமாத்தலை தம்பி," என்பார் பாய். "அவனால காத்திருக்க முடிஞ்சுது. என்னால முடியலை."

அகதியாகத் திரும்பியவர்களுக்கு ஐக்கிய நாடுகளின் இழப்பீட்டு ஆணையம் பிறகு பணம் கொடுத்தது. வெளியேற நேர்ந்ததற்காகத் தனியாளுக்கு 2,500 டாலர் அல்லது 4,000 டாலர், குடும்பத்துக்கு 5,000 அல்லது 8,000 என்று நிர்ணயித்திருந்தார்கள். ஈராக்கின் எண்ணெய் வருமானத்திலிருந்து பிடித்த பணம். அந்தக் கணக்கு முழுதாகத் தீர்ந்தது 2022 ஜனவரியில். மொத்தம் 52.4 பில்லியன் டாலர். போரின் வாசி தீர முப்பது வருடத்துக்குமேல் ஆகியிருக்கிறது.

நான் கண்ணால் பார்த்ததற்கு வருகிறேன். 2016 நவம்பர் 8. இரவு எட்டு மணிக்கு டெல்லியில் அறிவிப்பு, இங்கே மாலை ஐந்தரை. 500, 1000 ரூபாய் நோட்டுகள் நள்ளிரவோடு செல்லாது. எங்கள் அறையில் ஆளாளுக்குப் பெட்டியைத் திறந்தார்கள். வளைகுடாக்காரன் எவனிடமும் கொஞ்சம் ஊர்ப்பணம் இருக்கும். விமான நிலையத்தில் இறங்கியதும் டாக்ஸிக்கு, வழியில் டீக்கு, வீட்டு வாசலில் ஓடிவரும் குழந்தையின் கையில் வைக்க. என்னிடம் நாலாயிரம் ரூபாய் இருந்தது. ஏழு பேரிடமும் சேர்த்தால் முப்பதாயிரத்தைத் தொடும். இங்குள்ள எக்ஸ்சேஞ்சுகளில் அதை யாரும் வாங்கவில்லை.

வெளிநாட்டு இந்தியருக்கு 2017 ஜூன் 30 வரை அவகாசம் தந்தார்கள். ஆனால் நேரில் போக வேண்டும். சென்னை, மும்பை, டெல்லி, கொல்கத்தா, நாக்பூர் என்று ஐந்து ரிசர்வ் வங்கி அலுவலகங்களில் மட்டும். விமான நிலையத்தில் இறங்கும்போதே சுங்கத்தில் எழுதிக்கொடுத்த தாள் வேண்டும். இன்னொருவர் பணத்தை நான் கொண்டுபோய் மாற்ற முடியாது. உச்சவரம்பு 25,000 ரூபாய். நாலாயிரத்தை மாற்ற விமான டிக்கெட்டுக்கு எவ்வளவு? எங்கள் அறையில் அந்த அவகாசத்துக்குள் விடுமுறை கிடைத்தது இருவருக்குத்தான். மற்றவர்களின் நோட்டு அப்படியே இருந்துபோயிற்று. என் நோட்டுகள் இன்னும் பாஸ்போர்ட் உறைக்குள் இருக்கின்றன. வாசி நூறு சதவீதம்.

கடைசியாக ஒன்று. இன்று பேச ஒப்புக்கொண்டதே இதற்காகத்தான்.

2021-ல் எங்கள் அறையில் வவுனியாவைச் சேர்ந்த தம்பி ஒருவன் இருந்தான். லாரி ஓட்டுகிறவன். அந்த வருடப் பிற்பகுதியில் இலங்கை மத்திய வங்கி டாலருக்கு ஏறத்தாழ 203 ரூபாய் என்று விலையைப் பிடித்து வைத்திருந்தது. உண்டியல்காரர் 240, 250 என்று கொடுத்தார். நூறு டாலர் அனுப்பினால் நாலாயிரம் ரூபாய் அளவுக்கு வித்தியாசம். வங்கி வழியாக அனுப்புகிறவர்களுக்கு டாலருக்கு இரண்டு ரூபாய் ஊக்கத்தொகை கொடுத்தார்கள், டிசம்பரில் அதைப் பத்தாக்கினார்கள். இடைவெளி அதைவிடப் பெரிது. வெளிநாட்டு இலங்கையர் அனுப்பிய பணம் 2020-ல் 7.1 பில்லியன் டாலர். 2021-ல் 5.5 பில்லியன். 2022-ல் 3.8 பில்லியன். பாதிக்குப் பக்கமாகச் சரிந்தது.

அந்த டாலர் நாட்டுக்குள் வராததால் எரிபொருள் கப்பலுக்குப் பணம் கட்ட முடியவில்லை. மருந்து இல்லை, எரிவாயு இல்லை. கடன் குவிந்ததற்கும் கையிருப்பு கரைந்ததற்கும் வேறு காரணங்கள் பல உண்டு. எல்லாவற்றையும் லாரி ஓட்டுகிறவன் தலையில் வைப்பது அநியாயம். ஆனால் அவன் அனுப்பிய வழிக்கும் அவன் அம்மா நின்ற வரிசைக்கும் தொடர்பே இல்லை என்றும் என்னால் சொல்ல முடியாது.

நான் ஒருநாள் அவனிடம் கொஞ்சம் உபதேசமாகவே பேசிவிட்டேன். உண்டியலில் போடாதே, நாட்டுக்குக் கெடுதல் என்று. அவன் கோபப்படவில்லை.

"எனக்கும் தெரியும் அண்ணை. பாங்கால அனுப்பினா நாட்டுக்கு நல்லம். ஆனா அந்த நாலாயிரத்தை வீட்டுக்குக் குறைச்சு அனுப்பு எண்டு சொல்லுறவை, பிள்ளைக்குப் பால்மா வாங்கித் தருவினமோ? ரேட்டைப் பிழையா வச்சது அவை. வித்தியாசத்தை நான் ஏன் கட்டோணும்?"

எனக்குப் பதில் இல்லை. 1950-களில் பம்பாய்க்கும் வளைகுடாவுக்கும் நடுவில் இருந்த அதே இடைவெளிதான், ஆனால் இம்முறை அதற்குள் நின்றது கடத்தல்காரன் அல்ல, ஒரு பிள்ளையின் அப்பா. 2022 மார்ச் 7-ஆம் தேதி பிடியைத் தளர்த்தினார்கள். மே மாதத்தில் டாலர் 360 ரூபாய்க்குப் பக்கம் போயிருந்தது. இடையில் ஏப்ரல் 12-ல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசு அறிவித்தது. ரேட் தெருவிலை அளவுக்கு வந்ததும் வங்கி வழிப் பணம் மெல்லத் திரும்பியது. 2023-ல் அது ஆறு பில்லியனை நெருங்கியது. தம்பியும் எக்ஸ்சேஞ்ச் வரிசைக்கு வந்துவிட்டான். என் பேச்சைக் கேட்டு அல்ல. ஒரே விலை என்றால் ரசீது உள்ள இடம்தானே நல்லது என்றான்.

ஆனால் அந்த மாதங்களில் 203-க்கே அனுப்பியவர்களும் இருந்தார்கள். உண்டியல்காரரைத் தெரியாத வீட்டுப் பணிப்பெண்கள், போலீசுக்குப் பயந்தவர்கள், வங்கிக் கடன் தவணைக்காகக் கணக்கில் பணம் ஏறியே ஆக வேண்டியவர்கள். அவர்கள் அனுப்பிய பணத்தின் மதிப்பு சில மாதத்தில் முக்கால் பங்கு கூடியிருக்கும், காத்திருக்க முடிந்திருந்தால். அவர்கள் கொடுத்த வாசி எந்தப் புள்ளிவிவரத்திலும் தனியாக இல்லை.

பயணம் போகும் நண்பருக்கு என் பதிலைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விமான நிலையத்தில் டாக்ஸிக்கு மட்டும் மாற்றுங்கள். ஊருக்குள் இரண்டு கடையில் 'கைக்கு எவ்வளவு' என்று கேளுங்கள். கார்டில் அந்த ஊர்ப் பணத்தில் கட்டுங்கள். ரசீதை வாங்கிக்கொள்ளுங்கள். அவசரத்துக்கு முன்னால் கொஞ்சம் மாற்றி வைத்துக்கொள்ளுங்கள், அவசரத்தில் மாற்றாதீர்கள்.

இந்தக் கடைசி வாக்கியத்தை ஃபர்வானியா வரிசையில் நிற்கும் ஒருவரிடம் என்னால் சொல்ல முடியாது. அவருக்கு ஒவ்வொரு மாதமும் அவசரம்தான். ஊரில் பள்ளிக் கட்டணத்துக்குத் தேதி இருக்கிறது, அடகுக்கடைக்குத் தேதி இருக்கிறது. நாளை ரேட் ஏறும் என்று தெரிந்தாலும் இன்றைக்கே அனுப்புவார். சம்பந்தருக்குப் பாட ஒரு பதிகமும் கேட்க ஓர் ஆளும் இருந்தது.

நாளை மறுநாள் வெள்ளிக்கிழமை. நானும் வரிசையில் நிற்பேன். பேச்சை இங்கே நிறுத்திக்கொள்கிறேன். கேள்விகள் இருந்தால் கேளுங்கள். "இன்றைக்கு என்ன ரேட்" என்பதைத் தவிர.